மொட்டை பேர்ல போட்ட எல்.சி.

19-4-77
அரபு நாட்டு வெயில் இப்பவே மண்டையப் பொளக்குது. பேங்க்ல பெருநா கைலிக்கு எல்.சி. போட்டாச்சு. இருநூறு கட்டு. மச்சான் கப்பல்ல ஏத்தி பேப்பரை நீட்டுனா ஊர் பேங்க்லயே காசு குடுத்துருவான். அதுக்கு இங்க உள்ள பேங்க் பொறுப்பு. நான் இப்ப நூத்துக்கு இருபது கட்டுனா போதும்.

கோவாக்கார டைப்பிஸ்ட் சரக்கு அனுப்புறவர் முழுப் பேரைக் கேட்டான். முழுப் பேருதானே? மொட்டை கௌஸ் முகம்மதுன்னேன். அப்புடியே அடிச்சுட்டான்! மச்சானுக்கு தலை கொள்ளாத முடி. எட்டு வயசுல காய்ச்சலுக்கு மழிச்சப்ப நான் வச்ச பேரு. இங்கிலீஷ்ல பாத்தா குதிப்பான்.

11-6-77
மச்சான் டிரங்க் கால் போட்டான். குதிக்கல. அதான் பயமாயிருச்சு.

"பேங்க்ல காசு தரமாட்டாங்களாம் மச்சான். எல்.சி.ல ஒரு பேரு, என் பில்லுல ஒரு பேரு. சரக்கு மெட்ராஸ் ஹார்பர்ல கிடக்கு. கடன் வாங்கி தறிக்காரங்களுக்கு கூலி குடுத்துருக்கேன்."

"ஒரு எழுத்துதானடா, மாத்திருவோம்."

"ஒண்ணு இல்ல. மூணெழுத்து."

12-6-77
பேங்க். எல்.சி. பாக்குற ஆபீசர் சீதாராமன், மெட்ராஸ்காரர். "என்ன ஐயரே, ஒரு மொட்டையை எடுத்துவிட என்ன செலவு?"ன்னேன். சிரிக்கல.

"ஏப்ரல் மாதிரி இல்ல பாய். எல்லா பேங்க்குக்கும் மேல இருந்து கடனை இறுக்கிட்டா. எதை மாத்தினாலும் புது எல்.சி. கணக்கு. புதுசுன்னா நூத்துக்கு நூறு ரொக்கம். இருக்கா?"

எங்க இருக்கு? கடை வாடகையே நிக்குது.

"முப்பதாம் தேதியோட இதுவும் காலாவதி. பேரு மாறாது பாய். ஆள் வேணா மாறலாம்."

13-6-77
மச்சான்கிட்ட இதை எப்புடிச் சொல்றது?

16-6-77
டிரங்க் காலுக்கு மூணு மணி நேரம் காத்துக் கிடந்தேன். சீதாராமன் காட்டுன வழியைச் சொல்லிட்டேன். மொட்டை கௌஸ் முகம்மதுங்குறதும் அவன்தான்னு வக்கீல்கிட்ட முத்திரைத்தாள்ல எழுதி, அந்தப் பேருலயே பில்லும் கப்பல் ரசீதும் போட்டா காசு வரும்னு. லைன் போச்சோன்னு ஹலோ ஹலோன்னு கத்துனேன்.

"இருக்கேன். அந்த பேங்க்லதான் மச்சான் என் மருமகன் வேலை பாக்குறாரு."

28-6-77
தந்தி. காசு வாங்கிட்டானாம். அல்ஹம்துலில்லாஹ்.

10-7-77
ஜன்னத்து கடுதாசி. தம்பிக்காரனுக்குப் பரிஞ்சு வீட்டுக்காரன் என்னைக் குத்துறா. "பேங்க்ல பேரைச் சொல்லி சத்தமா கூப்பிட்டாங்களாம். அம்புட்டு பேரும் சிரிச்சாங்களாம். மருமகன் குனிஞ்ச தலை நிமிரலையாம். தம்பி எந்திரிச்சுப் போயி கையெழுத்து போட்டுச்சாம். வீட்டுக்கு வந்து சோறு வேணாம்னுருச்சு. போதுமா உங்களுக்கு?"

அம்பது வருசமா கூப்பிடுறேன். ஒரு தடவை கூட அவன் திரும்புனதில்ல.

20-9-77
பெருநா முடிஞ்சுது. கைலி ஒண்ணு மிச்சமில்ல. மச்சான்கிட்டருந்து நாலு வரி. அடுத்த எல்.சி.யும் அதே பேருல போடுங்க, கணக்கெல்லாம் அதுல ஆயிருச்சு, திரும்ப மாத்த அலைய முடியாதுன்னு. வசவு ஒண்ணு கூட இல்ல. திட்டித் தொலைச்சிருக்கலாம்.

24-9-77
கைலி வித்த காசை முழுசா பேங்க்ல கட்டுனேன். சீதாராமனே ஃபாரத்தை எடுத்து வச்சுக்கிட்டு, "பேரு சொல்லுங்கோ பாய்"ன்னாரு.

அதே பேருதான். துண்டுச் சீட்டுல எழுதி நீட்டுனேன்.