ஹார்வென்டன் பிரபுவின் வாரிசு

ஜமுனாமரத்தூர்
3.2.2025

அன்புள்ள ரேணுகா அக்காவுக்கு,

தம்பி வெற்றிச்செல்வன் எழுதுவது. மாமாவும் பூஜாவும் சுகந்தானே? போன் பேசினால் அம்மா பக்கத்தில் இருப்பார்கள், அதனால்தான் கடிதம். நம் விடுதியில் இப்போது சனி, ஞாயிறு இடமே இல்லை. காரணம் ஒரு கதை. பாரஸ்ட் பங்களாவில் மாட்டியிருக்கும் ஹார்வென்டன் பிரபு படம் ஞாபகம் இருக்கிறதா? அம்மாவைப் பெற்ற நம் ஆயா சின்னக்குழந்தை அங்கே சமைத்தவர். அம்மாவுக்குப் பூனைக்கண். நான் இவ்வளவுதான் சொன்னேன். மீதியை வந்தவர்களே சேர்த்துக்கொண்டார்கள். அந்தக் குடும்பத்து வரலாற்றைத் தேடி அனுப்பு. போர்டு எழுத வேண்டும்.

உன் தம்பி,
வெற்றி

லண்டன்
1.3.2025

வெற்றிக்கு,

லீவு போட்டு நூலகத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ரயில் பாதை போட்டுச் சம்பாதித்த ஒருவருக்கு 1868இல் ராணி கொடுத்த பட்டம். அவர், மகன், பேரன், மூன்றே பேர். பேரன்தான் நீ சொல்லும் ஆள். நம் மலைக்கு வேட்டைக்கு வந்தது ஒரே முறை, 1937இல். அவருக்கு இரண்டும் பெண்கள். பட்டம் ஆண் பிள்ளைக்கு மட்டுந்தானாம். 1949இல் அவர் செத்ததோடு அது அழிந்துபோனது.

அம்மா பிறந்தது 1953. அந்த ஆள் வந்தபோது ஆயாவுக்கு வயது ஐந்து.

மீதியை யார் சேர்த்தால் என்ன தம்பி? ஆயாவை என்னவாக ஆக்கிவைத்திருக்கிறாய்? அம்மாவுக்குத் தெரியுமா?

ரேணுகா

ஜமுனாமரத்தூர்
8.4.2025

அக்கா,

உன் கடிதம் வருவதற்கு நாலு நாள் முன்பே தெரிந்துவிட்டது. விடுதிக்கு வந்த ஒரு அம்மாள், களி கிண்டிக்கொண்டிருந்த அம்மாவைப் படம் எடுத்து, பிரபு பொண்ணு நீங்கதானாமே என்று சிரித்தபடி கேட்டுவிட்டார். அம்மா பானையை இறக்கிவைத்துவிட்டு என்னிடம் வந்தார்கள்.

“எங்கம்மாவ நீ பாத்ததே இல்லியே. இன்னா கண்டு அப்பிடிச் சொன்ன?”

அம்மா அன்றைக்கே மத்தியான பஸ்ஸில் ஒடுகத்தூர் சித்தி வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

உன் கடிதத்தை அங்கே கொண்டுபோய் முழுசும் படித்துக் காட்டினேன். வருஷக் கணக்கைக் கேட்டால் மனசு ஆறும் என்று நினைத்தேன். “அவன் எப்ப செத்தா எனக்கு இன்னா?” என்றார்கள்.

விடுதியின் இணையப் பக்கத்தில், ஆயாவைப் பற்றி நான் பரப்பியது பொய் என்று என் பேர் போட்டு எழுதினேன். போன ஞாயிறு ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்றும் சொன்னேன். யாரும் திட்டவில்லை. ஆயா பெற்ற பிள்ளை, பாலமுருகன் மாமா மட்டும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

நேற்று மறுபடி ஒடுகத்தூர் போனேன். அம்மா பேசவில்லை. தட்டு வைத்துச் சோறு போட்டார்கள். நான் கேட்காமலே இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார்கள். கடைசி வரைக்கும் நான் தலை நிமிரவில்லை அக்கா.

வெற்றிச்செல்வன்