தலைக்கு மேலிருக்கும் கல்

நைனாவுக்கு உங்கள் மகன் பிரதாப் வணங்கி எழுதுவது. நான் சுகம். உங்கள் இருமல் குறைந்ததா? அம்மா முட்டிக்குத் தைலம் தேய்க்கிறார்களா? இந்த எல்லைக் காவலில் போன் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். அதனால்தான் கடிதம்.

போன வாரம் டிவியில் ஒரு தலைவர், போருக்குத் தயார் என்று முழங்கினார். என் பக்கத்துக் கட்டில் மஞ்சப்பா, "இவர நம்பியா நாம போறது?" என்றான். எல்லோரும் சிரித்தோம். ஹவில்தார் டிவியை அணைத்துவிட்டார். பயப்பட ஒன்றுமில்லை.

எனக்கு உங்கள் ஞாபகம்தான் வந்தது. மைனில், சுரங்கத்துக்குள் பாறை பத்திரமாக இருக்கிறது என்று மேனேஜர் சொன்ன பிறகும், உள்ளே போனதும் கடப்பாரையால் தலைக்கு மேலிருக்கும் கல்லைத் தட்டி, தளர்ந்திருக்கிறதா என்று சத்தம் கேட்பீர்களாமே. "அவரு இன்னா, மேல உக்காந்துகினு சொல்றாரு. வுழுந்தா நம்ம மண்டதானே?" என்பீர்கள்.

எங்களால் அப்படித் தட்டிப் பார்க்க முடியாது நைனா. மேலே இருப்பவர் போ என்றால் போக வேண்டும். நான் நின்று யோசித்தால் மஞ்சப்பா செத்துப்போவான்.

குழம்புப் பொடியும் கம்பளி சாக்ஸும் அனுப்புங்கள். பொடியை அம்மாவின் பழைய புடவைத் துணியிலேயே கட்டச் சொல்லுங்கள்.

தபால் வண்டி கிளம்புகிறது. ஒன்றே ஒன்று, தேர்தல் வருகிறதாம். மைன் மூடியதிலிருந்து, "எவன் வந்தா இன்னா" என்று நீங்கள் ஓட்டுப் போடவே போவதில்லை. இந்தத் தடவை போங்க நைனா. என் தலைக்கு மேலிருக்கும் கல்லை நீங்கள்தான் தட்டிப் பார்க்க வேண்டும்.

பிரதாப்