கீழே ஊற்றிய சட்னி

அத்தை,

உங்கள் காரியமெல்லாம் முடிந்து இன்றுதான் கடையைத் திறந்தோம். தக்காளியும் பூண்டும் வதங்கும் வாசனை ரோடு வரைக்கும் போகிறது. பீட்சாவுக்குத் தடவுகிற சாஸைக் கடைசிவரை நீங்கள் சட்னி என்றுதான் சொன்னீர்கள். எனக்கும் அதுவே பழகிவிட்டது.

நீங்கள் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கேன்டீனில் சமைத்துக்கொண்டிருந்தபோது, ஏதோ விழாவுக்குப் பெங்களூரிலிருந்து வந்த பீட்சாவில் ஒரு துண்டை உங்களுக்குக் கொடுத்தார்களாம். "இது ஆறிப்போன ஊத்தப்பம்மா. சுடச்சுடக் குடுத்தா ஓசூரே திங்கும்" என்று வீட்டில் வந்து சொன்னீர்களாம். பேரிகை கிராமத்துக்காரர் பீட்சா சுடுவதாவது என்று சிரித்த சொந்தக்காரர்கள் எல்லோரும் பிறகு நீங்கள் திறந்த கடை முன்னால் வரிசையில் நின்றார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம், எதில் ஆர்டர் சொன்னாலும் முதலில் ஒரு கரண்டி சட்னியைத் தட்டில் வைத்து, "மொதல்ல இத ருசி பாருங்க" என்பீர்கள். அதில் உங்களுக்கு அவ்வளவு பெருமை.

போன வருஷம் வந்த காய்ச்சலோடு உங்கள் நாக்கில் ருசி போய்விட்டது. அது உங்களுக்கே தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, குழந்தைகளோடு வந்த ஒருவர் அந்தக் கரண்டி சட்னியை வாயில் வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டார். நான் எடுத்து ருசி பார்த்தேன். ஒரே உப்பு.

"அம்மாகிட்ட நீயே பக்குவமா சொல்லிடு" என்றார் உங்கள் மகன். பெற்ற மகனுக்கே வராத தைரியம் எனக்கு எங்கிருந்து வரும்? நீங்கள் காலையில் சட்னி வைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பியதும், அதைப் பின்பக்கச் சாக்கடையில் ஊற்றிவிட்டுப் புதிதாக வைத்தேன். மறுநாளும் அப்படியே. எட்டு மாதம்.

சாயங்காலம் வந்ததும் கேட்பீர்கள்: "சட்னி எப்பிடிம்மா இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சுன்னாங்க அத்தை."

மரியாதைக்காகத்தான் மறைத்தேன் என்று சொன்னால் அது பாதிப் பொய். இப்போதெல்லாம் சட்னி முன்னைவிட ருசியாக இருக்கிறதென்று சிலர் சொன்னபோது உள்ளுக்குள் குளிர்ந்துபோனேன். உங்கள் பெயரில் என் சட்னி ஓடியது எனக்குப் பிடித்திருந்தது. வெட்கமாக இருக்கிறது அத்தை.

தக்காளி வாங்குவது எப்போதும் உங்கள் வேலை. இன்று காலை முதல்முறையாகச் சந்தைக்கு நான் போனேன். உங்கள் மருமகள் என்று சொன்னதும் தக்காளிக்காரர் நல்ல பழமாகப் பார்த்து ஒரு கூடை கட்டிவிட்டு, "அடிபட்ட பழம் இனிமே வேணாமாக்கா?" என்றார். எனக்குப் புரியவில்லை.

"அம்மா தெனமும் தனியா ஒரு பை அடிபட்டது வாங்குவாங்கக்கா. ஒருநாள் வீட்டுக்குப் போனவங்க, கண்ணாடிய மறந்துட்டுத் திரும்பி வந்தாங்களாம். நீங்க சட்னியக் கீழ ஊத்தறதப் பாத்தாங்களாம். கீழ போறதுக்கு எதுக்குய்யா நல்ல பழம்னு சிரிப்பாங்க."

"எப்ப இருந்து?"

"அது ஆச்சு, ஏழெட்டு மாசம். அப்புறம் ஏம்மா சமைக்கறீங்கன்னு கேட்டேன். நான் நிறுத்துனா எனக்குத் தெரிஞ்சிடுச்சுன்னு அந்தப் புள்ளைக்குத் தெரிஞ்சிடும், அழுவும்னாங்க."

கூடையை அங்கேயே வைத்துவிட்டு அழுதேன். அவ்வளவு நாளும் உங்கள் சட்டியில் நசுங்கிய பழம் வெந்ததை நான் ஒருமுறைகூடக் கவனிக்கவில்லை. ஊற்றும் அவசரம் எனக்கு.

மதியம் சட்னியை ருசி பார்த்த ஒரு பெண், "நல்லா இருக்குக்கா" என்றாள். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். நம்ப முடியவில்லை அத்தை. அதே வார்த்தையைத்தானே எட்டு மாதம் தினமும் உங்களிடம் சொன்னேன். நீங்களும் நம்பியதுபோலத் தலையாட்டினீர்கள்.