ஜேர்மனிக்குப் போக முதல்

05.10.1996
குஞ்சு, என் மகனே, பிளேன் ரிக்கற் எடுத்துவிட்டேன். கல்லறைத் திருநாளுக்கு உன் தலைமாட்டில் நிற்பேன். மாசியில் உன்னைக் கார் அடித்தபோது என்னிடம் பயணப் பத்திரம் இல்லை. அடக்கம் செய்ததை உன் சிநேகிதன் சொல்லிப் போனில்தான் கேட்டேன்.

06.10.1996
கீழ்மாடி கிளடிஸ் ஜேர்மனியில் இருந்துவிட்டு வந்தவள். போய்க் கேட்டேன்.
"ஞாயிறு கடை திறவாது அன்ரி, சனியே பாணையும் பாலையும் வாங்கி வையுங்கோ. ரயில் ரிக்கற்றை மிஷினில குத்திப்போட்டு ஏறுங்கோ. சிவப்பு லைற் எரிஞ்சா, கார் இல்லாட்டிலும் றோட்டைக் கடக்காதேங்கோ. ஆராவது கிழவி ஏசும்."
"நானும் கிழவிதானே, திருப்பிப் பேசுறன்."
நீ போனபிறகு இன்றுதான் ஒரு பகிடி விட்டேன்.

08.10.1996
உன்னை எந்தச் சவக்காலையில் புதைத்தார்கள் என்று கேட்க, நீ இருந்த வீட்டு நம்பருக்கு எடுத்தேன். ஒரு வெள்ளைக்காரி எடுத்து, "இக்னேசியஸ்" என்றாள். உன் அப்பாவின் பேர்! போனை வைத்துவிட்டேன். செத்த மனுசனின் பேர் அவள் வாயில் எப்படி?

09.10.1996
கிளடிஸிடம் சொன்னேன். என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "அங்க போனை எடுத்தா ஹலோ இல்லை அன்ரி. தங்கட குடும்பப் பேரைத்தான் சொல்லுவினம்."
"அப்ப?"
"கலியாணம் கட்டினாத்தான் புருசன்ரை பேர் வரும். அப்ப அவ உங்கட மருமகள்."

11.10.1996
கலியாணத்தை மறைச்சுப் போட்டியே! உன்ரை சிநேகிதங்கள் எல்லாருக்கும் தெரியும், பெத்தவளுக்குத் தெரியாது. நான் போகேல்லை. ரிக்கற்றைத் திருப்பிக் குடுக்கப் போறன்.

12.10.1996
கொடுக்கவில்லை.

14.10.1996
அங்கே சொல்லாமல் போய்க் கதவைத் தட்டக்கூடாதாம். நேரம் கேட்டுத்தான் போகவேண்டுமாம். அந்த நம்பருக்கு எடுத்துக் கிளடிஸையே கதைக்கச் சொன்னேன். ஒரு சொல்லும் விளங்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இடையில் அவள் போனைக் கையால் பொத்தினாள்.
"என்ன, வரவேண்டாமாமோ?"
"அழுறா அன்ரி."
பிறகு ஒன்றொன்றாகச் சொன்னாள். பேர் சீமோன். ஸ்ரேசனுக்கு வருவாள். அறை ஒதுக்கி வைத்திருக்கிறாள். என்னை எப்படிக் கூப்பிடுவது என்று கேட்கிறாள்.
"எப்பிடிக் கூப்பிடலாம் எண்டு அங்க வயசில மூத்தவைதான் முதல் சொல்லவேணும். நீங்கள் சொல்லாட்டி அவ உங்களை மிஸிஸ் இக்னேசியஸ் எண்டு கூப்பிடுவா, நீங்களும் அவவை மிஸிஸ் இக்னேசியஸ் எண்டு கூப்பிடுங்கோ. நல்ல கூத்து!"
"அம்மா எண்டு கூப்பிடச் சொல்லு" என்றேன்.

31.10.1996
பின்னேரம் பிளேன். பெட்டி பூட்டியாச்சு. ஸ்ரேசனில் என்னைக் கண்டதும் அவள் அம்மா என்பாள். நான் என்ன சொல்ல? சீமோன் எண்டு வாயில வருகுதில்லை. பிள்ளை எண்டா அவளுக்கு விளங்காது. வீட்டில நீ அவளை என்னெண்டு கூப்பிட்டனீ, குஞ்சு?