ஏழில் கத்தும் அலாரம்

மச்சான், இன்று காலை என் போனில் உன் பெயர் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை, முடிச்சூர் கறிக்கடை வரிசை, கையில் தூக்குவாளி. திரையில் ‘ஏழு’. அப்படித்தானே உன்னைப் பதிந்து வைத்திருக்கிறேன்! நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. தூக்குவாளி நழுவி யார் காலிலோ விழுந்தது. அவர் திட்டியதுகூடக் காதில் ஏறவில்லை.

உனக்கு அந்தப் பெயர் வந்த கதை ஞாபகம் இருக்கிறதா? வண்டலூர்ப் பக்கம் நம் குளிர்கிடங்கு, குழந்தைகளுக்குப் போடும் தடுப்பு மருந்து. எட்டு டிகிரி தாண்டினால் மருந்து கெட்டுவிடும். வெப்பத்தைப் பதிவு செய்யும் லாகர் பெட்டியில் அலாரத்தை எத்தனையில் வைப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, நீ ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு உள்ளே போய் நின்றாய். லாரி வந்து, கதவைத் திறந்து பெட்டி இறக்கி முடிக்கும்வரை கைக்கடிகாரமும் கையுமாக நின்றாய். எண் ஆறரைக்கு மேல் ஏறவில்லை. மூக்கு சிவக்க வெளியே வந்து, “ஏழு வை. ஏழைத் தாண்டி பத்து நிமிஷம் நின்னா கத்தட்டும்” என்றாய்.

சரி, நான் செய்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். கோடையில் கதவு ரப்பர் கிழிந்து, தினமும் சாப்பாட்டு நேரம் பார்த்து ஹூட்டர் அலறியது. எரிச்சலில் ரப்பரை மாற்றாமல் எண்ணை மாற்றினேன். ஒன்பது! அப்பாடா என்று இரண்டு நாள் நிம்மதியாகத் தயிர்சாதம் சாப்பிட்டேன். மூன்றாம் நாள் நீ பார்த்துவிட்டாய்.

“ஏன்டா, கெட்டுப்போச்சுன்னு சொல்றதுக்கா அலாரம்? கெடப்போவுதுன்னு சொல்றதுக்குடா!”

ஒரு வாரம் என்னோடு பேசவில்லை நீ. ரப்பரை நீயே மாற்றினாய், பெட்டி மேல் ‘7. தொடாதே’ என்று டேப் ஒட்டினாய். அலாரம் கத்தினால் போனுக்கு மெசேஜ் போகும் பட்டியலில் உன் எண்ணை முதலிலும் என் எண்ணை இரண்டாவதாகவும் போட்டாய். “ஒருத்தன் எடுக்கலைன்னா இன்னொருத்தன் எடுக்கணும். அவ்ளோதான் மச்சான்.” அதோடு சண்டை முடிந்தது.

காலையில் பேசியது உன் மனைவி. “அண்ணா, இவர் போனுக்கு மெசேஜ் வந்திருக்கு. ஏழு புள்ளி ரெண்டுன்னு போட்டிருக்கு. அவசரமா?”

என் போனுக்கும் வந்திருந்தது. கறிக்கடைச் சத்தத்தில் நான் கவனிக்கவே இல்லை. ஸ்கூட்டரை எப்படி ஓட்டினேன் என்று கேட்காதே. ஜி.எஸ்.டி. ரோட்டில் என்னைத் திட்டாத ஆளில்லை. பூட்டிய கிடங்குக்குள் ஹூட்டர் அலறிக்கொண்டிருந்தது, கம்ப்ரசர் செத்துக் கிடந்தது. திரையில் ஏழு புள்ளி எட்டு. மாற்று மெஷினை என் கையால் போட்டுவிட்டு, மூச்சுகூட விடாமல் பார்த்தேன். ஏழு புள்ளி ஒன்பது. அங்கேயே நின்றது. நின்றது. பிறகு புள்ளிக்குப் பின்னால் இருந்த எண் எட்டு, ஏழு, ஆறு என்று இறங்கியது பார், கிடங்கில் தனியாளாக விசிலடித்தேன்! ஒரு பெட்டிகூடக் கெடவில்லை மச்சான்! ஒன்பதில் இருந்திருந்தால் அத்தனையும் குப்பைக்குத்தான் போயிருக்கும்.

சாயங்காலம் சிட்லபாக்கத்தில் உன் வீட்டுக்குப் போனேன். போனை ஏன் இன்னும் ரீசார்ஜ் செய்கிறாய் என்று உன் மனைவியிடம் கேட்டேன்.

“நிறுத்த மனசு வரலைண்ணா. இப்போ கிடங்குல எவ்ளோ இருக்கு?”

“நாலு புள்ளி எட்டும்மா.”

உன் படத்தைத் திரும்பிப் பார்த்தாள். “நாலு புள்ளி எட்டாம்” என்றாள் உன்னிடம்.

போனவர் எண்ணைப் பட்டியலிலிருந்து எடுங்கள் என்று ஆபீசில் மூன்று முறை சொல்லிவிட்டார்கள். நாளை, நாளை என்று தள்ளிக்கொண்டே வந்தேன். இனி அந்தப் பேச்சே கிடையாது, உன் எண் அங்கேயே இருக்கும். இன்று நான் எடுக்கவில்லை, நீ எடுத்தாய். நாளைக்கு யாராவது வந்து எடுக்கச் சொல்லட்டும், பார்த்துக்கொள்கிறேன்.