கேமராவுக்குத் தெரிஞ்சவங்க

கீர்த்திவாசா,

ஊட்டி பெர்ன்ஹில்லுல உன்ற அத்தை ஊட்டுக்குப் போறேன். அரிசிம்பருப்பு ஆக்கிக் குக்கர்ல வெச்சிருக்கறேன், சூடு பண்ணி நெய் ஊத்திச் சாப்புடுங்க. சாவி பக்கத்து ஊட்டு வேலாமணிகிட்ட இருக்குது.

நேத்துக் காலைல குளுருக்குக் குல்லா போட்டுட்டுப் பால் வாங்க வாசலுக்குப் போனேன். தெரியாத ஆள் நிக்கறான்னு, வாசல்ல நீ மாட்டி வெச்ச கேமரா கோயமுத்தூர்ல இருந்த உனக்குப் போன்ல சொல்லுச்சாமா. நீயும் அது வழியாவே, "யார்ரா அது? வெளிய போடா!"ன்னு கத்துன. பால்காரர் முன்னால மானம் போச்சு. சாயங்காலம் வந்து, "குல்லா போட்டா அதுக்கு எப்படிங்ப்பா அடையாளம் தெரியும்?"னு சிரிச்ச.

இதே மாதிரி குல்லாவோடதான் முப்பது வருசம் குன்னூர் தேயிலை ஏல ஆபீசுக்கு வேலைக்குப் போனேன். ரிட்டயர் ஆகற வரைக்கும் எந்த வாட்ச்மேனும் என்னைய யாருன்னு கேட்டதில்ல.

அப்பா

எழுதி முடிச்சுட்டு, சார்ஜ் போடலாம்னு உன்ற டேப்லட்ட எடுத்தேன். கேமராவுக்குத் தெரிஞ்சவங்கன்னு போட்டோவெல்லாம் வரிசையா ஏத்தி வெச்சிருக்கற. நீ இருக்கற, உன்ற சம்சாரம் இருக்குது, கொழந்தை இருக்குது. என்னையக் காணோம். பால்காரர் இருக்கறாரு. அவரும் குல்லாவோடதான் இருக்கறாரு.