ஐந்தாவது மாணவனுக்கு ஓர் அறை

ஐப்பசி 4, திங்கள்

காலையில் மூடுபனி. பிற்பகல் மழை. குடையில் ஒரு கம்பி ஒடிவு.

கண்டிப் பாடசாலை விடுதியில் இடம் போதவில்லை. ஐந்து மாணவருக்கு வெளியே அறை பார்த்துப் பட்டியல் தரும்படி பாதிரியார் சொல்கிறார். சனிக்கிழமைக்குள். வாத்தியார் வேலையை விட்ட கிழவனிடம் ஏன்? முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

பத்திகள் வகுத்தாயிற்று: பாடசாலை மணி கேட்குமா. கிணறு. விளக்கு. சமைப்பவர் யார். இன்னொரு பத்தியும் வேண்டும், தெரியும். எழுதவில்லை.

ஐப்பசி 5, செவ்வாய்

அம்பிட்டிய ஏற்றத்தில் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினேன். விதவை அருளாயி வீட்டில் இருவர். ஏரிக்கரைத் தச்சர் வீட்டில் இருவர். மணி கேட்கும், காற்று மாறினால் சந்தேகம்.

மீதி சின்னமுத்து. காப்பித் தோட்டத்துப் பிள்ளை. இவனுக்கு விடுதியில் கட்டில் இருந்தது. தங்கள் பந்தியில் அவன் சாதிக்காரன் உட்கார்ந்தால் இலையை மடித்துவிட்டு எழும்புவோம் என்று ஆறு மாணவர் எழுதிக் கொடுத்தார்கள். பாதிரியார் பயந்துவிட்டார். கடிதத்தைப் பார்த்தேன். அழகான எழுத்து. நான் பழக்கிய எழுத்து.

வெளியேயும் இடம் இல்லையென்றால் சனிக்கிழமை தோட்டத்து வண்டியில் திரும்ப வேண்டியதுதான். பிறகு ஏது படிப்பு? பழம் பறிக்கும் காலம், கூடையைக் கொடுத்துவிடுவார்கள்.

குடைக் கம்பி இன்னும் மாற்றவில்லை.

ஐப்பசி 6, புதன்

கடைத்தெருவில் காப்பி வியாபாரி காசிம் நானா. அலவத்துகொட ஊர்க்காரர். சாதி கேட்காத மனிதர். நம்பிப் போனேன். பின்னறைக் கதவைத் திறந்து காட்டினார். கூரைவரை காப்பி மூட்டை.

"எடம் இரிந்தா தர மாட்டனா வாத்தியார்? இதுக்குள்ள படுத்தா, புள்ளயயும் மூட்டயோட சேத்து கொழும்புக்கு ஏத்திருவானுகள்."

சிரித்தேன். தெருவுக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. தை மாதம் வரை எந்த அறையிலும் இதே மூட்டைகள்தான்.

ஐப்பசி 7, வியாழன்

நல்ல வெயில். கட்டுகலையில் குமாஸ்தா வீடு. யாழ்ப்பாணத்தார், எங்கள் பக்கத்துச் சனம். சின்னமுத்துவையும் கூட்டிப் போனேன். வெள்ளைச் சட்டை, அடக்கம், நல்ல வாசிப்பு. பார்த்தால் பிடித்துப்போகும் என்று என் கணக்கு. ஊர் கேட்டால் கண்டி என்று சொல் என்றேன். "சரிங்க ஐயா."

குமாஸ்தாவின் மனைவி: "ஓம், அறை இருக்கு. இருங்கோ, வெயிலுக்கால வந்திருக்கிறியள்." செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்.

அவன் செம்பை வாங்கவில்லை. குனிந்து, இரண்டு கைகளையும் குவித்து வாயருகே வைத்துக்கொண்டான், ஊற்றட்டும் என்று.

அதற்குப்பின் ஊர் கேட்கத் தேவையிருக்கவில்லை.

"ஐயோ, மறந்துபோனன். இவற்ற தம்பி வாறன் எண்டு கடிதம் போட்டவர்."

தண்ணீரை மட்டும் ஊற்றினார். உயரத்திலிருந்து.

திரும்பும் வழியில் அவன்: "பழக்கமாப் போச்சுங்க ஐயா. கை தானா குவிஞ்சிருது."

கிணறு, விளக்கு எல்லாம் யோசித்தவன் இதை யோசிக்கவில்லை. தனியாகப் போயிருக்க வேண்டும். போயிருந்தால் மட்டும்?

வீட்டில் தங்கை பாக்கியம்: "ஊரெல்லாம் அளந்து திரியிறியள் அண்ணை. எங்கட முன்னறையை அளந்தனீங்களோ?"

"அதுக்குள்ள என்ர கடதாசியள்."

"கடதாசி படுக்கப் பாய் கேக்குதோ?"

கண்டியில் எங்களோடு போக்குவரவுள்ள வீடுகள் ஆறு. அவனை வைத்துக்கொண்டால் ஆறும் கதவைச் சாத்தும். என் வயதில் அது தாங்குமா? பாக்கியம் தாங்குவாள் போல. நான்?

ஐப்பசி 8, வெள்ளி

தூறல். பாக்கியம் சந்தைக்கு. சின்னமுத்து சொல்லிக்கொண்டு போக வந்தான். என் இலக்கணப் புத்தகத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான், திருப்பித் தர. ஏறி வந்த களைப்பு. தண்ணீர் எடுத்துவந்தேன். கைகளைக் குவித்தான். ஊற்றினேன்.

ஊற்றி முடித்த பிறகுதான் என் கை எங்கே நிற்கிறது என்று பார்த்தேன். உயரத்தில். குமாஸ்தா மனைவியின் கை நின்ற அதே உயரம்.

அவன் வாயைத் துடைத்துக்கொண்டு, "வாறேங்க ஐயா" என்றான்.

சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்று பாக்கியத்திடம் சொன்னேன்.

ஐப்பசி 9, சனி

மழை இல்லை. கடதாசிக் கட்டுகளை என் கட்டிலடிக்கு மாற்றினேன். முன்னறை: மணி கேட்கும், கிணறு உண்டு, விளக்கு ஒன்று. சமைப்பவர்: பாக்கியம் ("எனக்கென்ன, அரிசி ஒரு சுண்டு கூட"). பட்டியலில் ஐந்தாவதாக எழுதினேன். எழுத்துக் கோணல். பாதிரியார் வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. நல்லது, கேட்டிருந்தால் அழித்திருப்பேன்.

தோட்டத்து வண்டி புறப்படுமுன் சின்னமுத்துவைப் பிடித்தேன். பெட்டியோடு வாசல்வரை வந்தான். உள்ளே வரவில்லை. செம்பை நிறைத்து நீட்டினேன். கைகளைக் குவித்தான். நான் சரிக்கவில்லை. அவனும் நிமிரவில்லை. எதிர்வீட்டில் யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

பாக்கியம் உள்ளிருந்து: "பித்தளைச் செம்பு, தம்பி. பாரம். கிழவன்ர கை முறியமுன்னம் வாங்கன்."

வாங்கினான். அண்ணாந்து குடித்தான். பாதி சட்டையில். வெறும் செம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இத எங்க வைக்கட்டுங்க?"

குடத்தின்மேல் என்றேன். குடம் உள்ளே, அடுப்படியில் இருக்கிறது.